46 டாலரில் முடியாத கணக்கு: கணினி மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளின் அறங்காவலர் குழுக்களுக்கும், சாக்ரமெண்டோவிலுள்ள சான்சலர் அலுவலகத்துக்கும், மாநிலச் சட்டமன்றத்துக்கும்:

நாங்கள் இக்கல்லூரிகளில் கணினி படிப்பவர்கள். படிக்க வைப்பவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். பகலில் கடையிலும் கிடங்கிலும் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு ஓடுகிறவர்கள் எங்களில் பலர். எச்-4 (துணைவர்) விசாவில் வந்து, ஊரில் பட்டம் வாங்கியிருந்தும் மறுபடி முதல் பருவத்தில் உட்காரும் தமிழ்ப் பெண்களும் உண்டு. “கம்யூனிட்டி காலேஜா?” என்று விருந்துகளில் இழுத்துக் கேட்கும் உறவினர்களுக்கு எங்களிடம் ஒரு பதில் உண்டு: பாட அலகான யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் அது ஏறவில்லை. இரண்டாண்டுப் பட்டத்துக்கான 60 யூனிட்டும் சேர்த்து 2,760 டாலர்தான். வருமானம் குறைந்த பல குடும்பங்களுக்கு அதுவும் தள்ளுபடி. இதில் எங்களுக்குக் குறையே இல்லை.

எங்களை வாட்டுவது காலம். அதனால் முதல் கோரிக்கை கால அட்டவணை பற்றியது.

கணினிப் படிப்பு சங்கிலியாகப் போகிறது. புரோகிராமிங் இரண்டு பருவம். அதை முடித்தவர்தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுக்க முடியும். கால்குலஸ் முடிக்காமல் லீனியர் அல்ஜீப்ரா கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் பல இடங்களில் இயற்பியலும் கேட்பார்கள். சின்னக் கல்லூரிகளில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வருடத்துக்கு ஒருமுறைதான். ஆள் சேரவில்லை என்று பருவம் தொடங்கும் நேரத்தில் அதை ரத்து செய்தால், அடுத்த இலையுதிர் பருவம் வரை காத்திருக்க வேண்டும். 4 யூனிட் வகுப்பு ஒன்றின் கட்டணம் 184 டாலர். அது நடக்காததால் மாணவர் இழப்பது ஒரு முழு ஆண்டு. 2025இன் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 16.50 டாலருக்கு அவர் அந்த ஆண்டும் கிடங்கிலேயே நிற்கிறார். வாடகை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டு வகுப்புகளை ரத்து செய்யக் கூடாது. பத்துப் பேர்தான் வந்தாலும் நடத்துங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து இணையத்தில் நடத்துங்கள். மாலை நேரத்திலும் ஒரு பிரிவு வேண்டும்.

இரண்டாவது, விளம்பரம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகக் கணக்குப்படி 2024 மே மாதத்தில் மென்பொருள் உருவாக்குநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,33,080 டாலர். கணினி உதவிப் பணியாளருக்கு 61,550. இவற்றில் முதலில் சொன்ன வேலைக்கு வழக்கமாக நான்காண்டுப் பட்டம் கேட்கிறார்கள். இரண்டாண்டுப் படிப்பு கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வேலையில். அதுவும் மரியாதையான வேலைதான், கட்டிய பணத்துக்கு நட்டமில்லை. ஆனால் முதல் எண்ணைக் காட்டிச் சேர்த்துக்கொண்டு இரண்டாவதன் வாசலில் இறக்கிவிடுவதை ஏற்க மாட்டோம். துண்டறிக்கையில் சம்பளம் போட்டால், உங்கள் கல்லூரியில் அதே சான்றிதழோடு வெளியேறியவர்கள் வாங்கும் சம்பளத்தைப் போடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். நாடு முழுவதும் பார்த்தால், சமுதாயக் கல்லூரியில் தொடங்குபவர்களில் ஆறாண்டுக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுவோர் சுமார் 16 சதவீதம்தான். சேரும் நாளிலேயே இதைச் சொல்வது மாணவரை விரட்டுவதாகாது. அவரைப் பெரியவராக மதிப்பதாகும்.

மூன்றாவது கோரிக்கை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டமன்றத்துக்கும். 2010இன் எஸ்பி 1440 சட்டப்படி சமுதாயக் கல்லூரியில் மாறுதல் பட்டம் முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. ஆனால் கேட்ட வளாகம் உறுதியில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யூசி) உறுதி மாறுதல் திட்டத்தில் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இல்லை. மாறி வருபவர்களுக்குக் கணினித் துறையில் எத்தனை இடம் என்பதை ஒவ்வொரு வளாகமும் ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் தரும் ஏபி 1111 சட்டம் 2021இலேயே வந்துவிட்டது. கணினிப் பாடங்களை அதில் கடைசி வரிசைக்குத் தள்ளாதீர்கள்.

நான்காவது, வேலை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட கணக்கில், புதிதாகப் பட்டம் பெற்ற கணினி அறிவியல் மாணவரிடையே வேலையின்மை 6.1 சதவீதம். நான்காண்டு படித்தவர்களுக்கே இந்த நிலை. ஆகவே கவுன்டி அலுவலகங்களும் பள்ளி மாவட்டங்களும் அரசு மருத்துவமனைகளும் எங்களைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுக்க வேண்டும். கணினி உதவிப் பணியிடங்களுக்கு நான்காண்டுப் பட்டம் கேட்பதையும் விட வேண்டும். மேரிலாந்து மாநிலம் 2022இல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்கு இதைச் செய்தது. அவற்றில் தகவல் தொழில்நுட்ப வேலைகளும் அடக்கம்.

ஐந்தாவது, பகுதிநேர ஆசிரியர்களுக்கு வகுப்புக்கு வெளியே மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடி எங்கள் நிரலைத் திருத்தித் தந்துவிட்டு அடுத்த கல்லூரிக்கு அவர்கள் விரைவதைப் பார்க்கிறோம்.

பொதுமக்கள் பேச ஒதுக்கும் சில நிமிடங்களில் இதை வாசித்துவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. அடுத்த அறங்காவலர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இச்சாசனத்தைத் தனிப் பொருளாகச் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே வாக்கெடுத்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வரும் இலையுதிர் பருவத்தின் வகுப்புப் பட்டியல் அச்சேறும் முன் அந்தப் பதில் எங்களுக்கு வேண்டும்.