பாட்டுக்கு உரியவர் யார்?

அண்மையில் என் மாணவனொருவன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தான். மின்னிசை முழக்கத்தினிடையே ஒப்பாரியின் இழுப்பு என் செவியிற் பட்டது. அட்டன் பக்கத்து லயங்களிலே இழவு வீடுகளிற் கேட்டுப் பழகிய இழுப்பு அது. 'யாருடைய பாட்டு?' என்றேன். 'சினிமாப் பாட்டு, ஐயா' என்றான்.

அது சினிமாப் பாட்டன்று. 2021இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அதைப் பாடிய இருவருள் ஒருவரான அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் சேர்ந்தவர். 2024இல் தாம் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார்.

ஒப்பாரியை ஆட்டப்பாட்டாக்குவது முறையோ எனப் புலவர் சிலர் சினக்கின்றனர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையை நினைவு கூர்வாராக. அம்மானையும் பந்தும் ஊசலும் ஆடிய மகளிர் பாட்டுக்களையும், உலக்கைப் பாட்டாகிய வள்ளையையும் இளங்கோவடிகள் காப்பியத்துள் ஏற்றினார். பழம்பாட்டுப் புத்தாடை புனைவது தமிழுக்குப் புதிதன்று. ஆயினும் அம்மகளிரின் பெயர்களை நாம் அறியோமே! இழப்பு அங்கேதான் உள்ளது.

தோட்டத் துரைமாரின் தாய்நாட்டைப் பாருங்கள். 1903இல் செசில் சார்ப் என்பார், ஜோன் இங்கிலாந்து என்னும் தோட்டக்காரர் பாடக் கேட்டு நாட்டுப்பாடல் தொகுக்கத் தொடங்கினார். 1969இல் ஃபேர்போட் கன்வென்சன் குழுவினர் ஆங்கிலப் பழம்பாடல்களை மின்கித்தாரில் இசைத்தனர். இசை மாறியது, அத்தோட்டக்காரர் பெயர் அழியவில்லை. கேட்டவர் குறித்து வைத்தமையே காரணம்.

நம் மலைகளில் அப்பணியை மேற்கொண்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. ஆட்களோடு பாட்டுக்களும் கடல் கடந்தன. எஞ்சியவை இன்று முதியோர் சிலரின் நாவிலே மட்டும் உயிர் வாழ்கின்றன. அவர்களுக்குப் பின் எந்த மின்னிசையாலும் அவற்றை மீட்க இயலாது.

ஆதலின் என் வகுப்பிற்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டு முதியோரிடம் ஒரு பாட்டுக் கேட்டு, பாடியவர் பெயரும் தோட்டமும் சேர்த்து எழுதி வருக என்றேன். ஒரு மாணவி பாட்டை மட்டும் கொணர்ந்தாள். 'ஏன் பெயரில்லை?' என்றேன். 'எம் பேரு எதுக்கு சாமின்னு அம்மாயி கேட்டாங்க, ஐயா' என்றாள். திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் தாள் வந்தது. பாட்டின் மேலே, முதல் வரியாக, அம்மாயியின் பெயர் இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பிலும் இதனைச் செய்யுங்கள். புதுமெட்டு அமைப்பார் நாளை வருவர். பாட்டோடு பெயரையும் அவர் கையில் ஒப்படைப்பது நம் கடன்.