கல்லெழுத்தும் மேகக் கிடங்கும்

தமிழ்க் கல்வெட்டுகளின் படிகள் கம்ப்யூட்டருக்குள் போகின்றன. அங்கே அவற்றுக்கு யார் காவல்?

மைசூரில் இருக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, தமிழ்நாட்டில் ஒரு நீண்ட சர்ச்சையின் பெயர். தமிழகக் கோயில் சுவர்களிலிருந்து காகிதத்தில் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மைப்படிகள் பல பத்தாண்டுகளாக அங்கேதான் இருந்தன. தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்றும்படி 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் பிறகு அவை சென்னைக்கு வரத் தொடங்கின.

இதற்குப் பின்னால் இன்னொரு இடமாற்றமும் கிளம்பியது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் 'பாரத் ஸ்ரீ' என்ற பொதுக் கல்வெட்டுக் களஞ்சியம் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக 1 லட்சம் கல்வெட்டுகளை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றுவது திட்டம். மைசூரா, சென்னையா என்பதற்காவது நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. கம்ப்யூட்டருக்குள் போன பிறகு அது எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வி அத்தனை சத்தமாக எழவில்லை.

மைப்படி எடுப்பது பொறுமையான வேலை. கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். திருப்பணி என்ற பெயரில் சுவர் பிரிக்கப்பட்டாலோ, சுண்ணாம்பும் மணல் வீச்சும் எழுத்தைத் தின்றுவிட்டாலோ, அந்தக் காகிதம்தான் மூலம். காகிதமும் நொறுங்கினால் ஸ்கேன் செய்த கோப்புதான் மூலம். விவகாரத்தின் கனம் இங்கேதான்.

இன்று இப்படிப்பட்ட தொகுப்புகள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் 'கிளவுட்'. பெயரில்தான் மேகம். உண்மையில் அது யாரோ ஒருவருடைய கட்டடத்தில், யாரோ ஒருவருடைய மின்சாரத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுப்பது. அமேஸான் நிறுவனம் 2006ல் இதை ஒரு வியாபாரமாக்கியது. இந்திய அரசும் 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் 2014ல் தனக்கென ஒரு தேசிய கிளவுடைத் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009லேயே இந்த முறைக்குப் பத்துத் தடைகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் பல இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

முதலாவது, போட்டதை எடுப்பது. 10 டெராபைட் கோப்புகளை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 45 நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க்கில் ஏற்றி கூரியரில் அனுப்புவதே மேல் என்று அந்த அறிக்கை கணக்குப் போட்டது. இன்று வேகம் கூடியிருக்கிறது. கோப்புகளும் கூடவே பெருத்திருக்கின்றன. கிடங்குக்காரரை மாற்ற நினைத்தால் அவருடைய முறைக்கேற்ப எழுதிய மென்பொருள் அடுத்தவரிடம் ஓடாது. மைசூரிலிருந்து கட்டுகளைக் கொண்டுவர ஒரு கோர்ட் உத்தரவு போதுமானதாக இருந்தது. இங்கே ஒப்பந்தத்தின் ஷரத்துகளையும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, சங்கிலி. இன்றைய மென்பொருள் ஒரே கட்டுமானம் அல்ல. சின்னச் சின்னச் சேவைகளின் கோவை. கல்வெட்டைத் தேடும் மாணவருக்குப் படத்தை ஒரு சேவை தரும், வாசகத்தை இன்னொன்று, வரைபடத்தை மூன்றாவது, நுழைவு அனுமதியை நான்காவது. ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்கினால் வருடத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாகவே முடங்கும். நான்கும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்றால் முடக்கம் 35 மணி நேரத்தைத் தொடலாம். 2025 அக்டோபர் 20ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேஸானின் ஒரு தரவுச் சேவையில் முகவரிக் கோளாறு ஏற்பட்டபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் உலகெங்கும் படுத்தன.

மூன்றாவது, உள்ளே வைத்தது அப்படியே இருக்கிறதா என்பது. காகிதத்தில் செல் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கோப்பில் தெரியாது. எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பதும் நடக்காது. 2007ல் ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு வழியைக் காட்டினார்கள். கோப்பைத் துண்டுகளாக்கி, குருட்டாம்போக்கில் சிலவற்றை மட்டும் சோதிப்பது. நூற்றில் ஒரு துண்டு கெட்டிருந்தாலும் 460 துண்டுகளைச் சோதித்தால் 99 சதவீதம் பிடிபட்டுவிடும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் இதே 460தான். பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்கிற அதே தர்க்கம்.

நான்காவதுதான் கொடுமையானது. 2025 செப்டம்பர் 26ல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேர்த்துவைத்த 858 டெராபைட் கிடங்கு சாம்பலானது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் எடுக்கும் நாட்டின் கதை இது. மாறாக, 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு கூகுள் கிளவுடில் தவறுதலாக அழிந்தது. இரண்டு இடங்களில் வைத்திருந்த நகல்களும் ஒன்றாகவே போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக நகல் வைத்திருந்ததால் 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்கு மீண்டது. இடம் இரண்டாக இருந்தால் போதாது, கையும் இரண்டாக இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் தமிழனுக்குப் புதிதல்ல. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் காலத்தில் உத்தரவானபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து ஏட்டில் எழுதிவைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. படியெடுத்தது மட்டுமல்ல, அந்தப் படியிலிருந்து மீட்டும் காட்டினார்கள். இன்றைய கிளவுட் ஒப்பந்தங்களில் முதல் பாதி மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கிறது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பேற்பவர்களிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. வெவ்வேறு கைகளில் மூன்று நகல். எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத கோப்பு வடிவம். வருடத்துக்கு ஒருமுறை சோதனை, அதன் முடிவு மக்கள் பார்வைக்கு. முக்கியமாக, ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று காகிதத்தைக் கைவிடாமல் இருப்பது. சோழர் காலக் கணக்கு ஆயிரம் வருடம் தாங்கியது. கிடங்குக்காரரின் ஒப்பந்தம் சில வருடங்களுக்குத்தான்.