இன்னொரு ஜோடிக் காது

வாடகை ஒலிப்பதிவுக் கூடத்தில் கடிகாரமும் ஒரு வாத்தியம். கால்ஷீட் முடிவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். 1989இல் கோடம்பாக்கம் வீட்டின் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்த ஏ.ஆர். ரஹ்மானுக்குக் கிடைத்த பெரிய லாபம் நேரம். விடிய விடிய ஒரு டிராக்கைக் கலைத்துச் சேர்க்கலாம், மீட்டர் ஓடாது. 1992இல் வெளிவந்த 'ரோஜா'வின் ஒலித் துல்லியம் அந்த இரவுகளின் விளைச்சல்.

இன்று லேப்டாப்பும் மைக்கும் உள்ள எவருக்கும் அந்த நேரம் உண்டு. இல்லாதது நல்ல அறை. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் தெரு ஹாரன் நின்றுவிடாது. அதைவிடத் தொல்லை, சிறிய அறையில் தாழ்ந்த ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதி ஓரிடத்தில் வீங்குவதும் இன்னோரிடத்தில் காணாமல் போவதும். காணாமல் போன இடத்தில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் பேஸைக் கூட்டிக்கொண்டே போவார். நண்பரின் காரில் அதே பாட்டு வெறும் உறுமல்.

ரஹ்மானுக்கு 'ரோஜா' காலத்திலிருந்து, 2008இல் மறையும்வரை, ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் துணையிருந்தார். தனியறைக் கலைஞரோ தானே பாடி, தானே பதிந்து, தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறார். 'குரல் அமுங்குகிறதே' என்று சொல்ல ஆளில்லை. புதிய மைக்குக்குப் பணம் சேர்ப்பவர்கள், அதற்கு முன் பாட்டை ஒருநாள் ஆறப்போட்டு, முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய ஒருவரிடம் போட்டுக் காட்டலாம். செலவில்லை; கொஞ்சம் வலிக்கும்.