பிரசருக்கு மாத்திரை மட்டும் போதாது



சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை பிரசரைப் பற்றி எழுதுகிறோம். இதுவும் தொழிற்சங்கப் பிரச்சினைதான். கிளினிக் நாளில் மலைக்குப் போகாதவருக்கு அன்றைய பேர் இல்லை. பேருக்குப் பயந்து கிளினிக்கை விடுகிறோம். கிளினிக்கை விட்டால் மாத்திரை தீர்ந்துபோகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைக்கு நாம் ஒரு நாள் சம்பளத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

பிரசர் வலிக்காது. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டி வருடக்கணக்கில் நின்றாலும் கொழுந்து எடுக்கலாம், கூடை சுமக்கலாம். "தலை சுத்தல, அதனால மாத்திரைய நிப்பாட்டிட்டேன்" என்று சொல்லாத லயம் உண்டா? பிறகு ஒருநாள் காலையில் வாய் கோணி, கை விழுந்துவிடுகிறது. பாரிசவாதம் வந்த தாயைப் பார்த்துக்கொள்ள மகள் வேலையை விடுகிறாள். சில வீடுகளில் பேத்தி பள்ளிக்கூடத்தை விடுகிறாள். ஆசிரியராக நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ரத்தோட்டைக்கோ மாத்தளைக்கோ இறங்கிப் போய், வரிசையில் நின்று டொக்டரைக் கண்டால் கிடைப்பது இரண்டு நிமிடம். "உப்பைக் குறைங்க" என்பார்கள். அதுவும் பல வேளைகளில் சிங்களத்தில். எவ்வளவு குறைப்பது, ரொட்டிக்கும் சம்பலுக்கும் என்ன செய்வது என்று கேட்க அங்கே நேரமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 750 கிராம். கருவாட்டிலும் அச்சாறிலும் உள்ள உப்பும் அதற்குள்தான். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பக்கெட் எத்தனை நாளைக்கு வருகிறது என்று பாருங்கள். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது, சம்பலில் உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கூட்டுவது போன்றவற்றை ஒரு அக்கா இன்னொரு அக்காவுக்குச் சொன்னால்தான் அடுப்படி வரை போகும்.

இது வெறும் ஆசையல்ல. கேரளத்தில் திருவனந்தபுரம், ஆந்திராவில் மேற்குக் கோதாவரி, ரிஷி வேலி ஆகிய மூன்று கிராமப்புறப் பகுதிகளில் 'ஆஷா' எனப்படும் கிராம சுகாதாரப் பெண்கள் பிரசர் உள்ளவர்களைக் குழுவாகக் கூட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்தில் ஆறு கூட்டம். பிரசர் அளந்தார்கள்; சாப்பாடு, நடை, புகையிலை, சாராயம், மாத்திரை பற்றிப் பேசினார்கள். 2020இல் முடிவு வந்தது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிடக் குழுவில் இருந்தவர்களுக்குப் பிரசர் நன்றாகக் கட்டுப்பட்டது. இத்தனைக்கும் ஆஷாக்கள் டொக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப்போய் அளந்து ஆலோசனை சொன்ன ஊர்களில், இரண்டு வருடத்தில் மேல் பிரசர் மற்ற ஊர்களைவிட ஏறக்குறைய 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. இங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் குடும்ப நல உத்தியோகத்தர்கள்.

ஆகவே தோட்டத்துக்குத் தோட்டம் பிரசர் குழு வேண்டும். இடம் பிள்ளைக்காம்பிராவாக இருக்கலாம், பள்ளி மண்டபமாக இருக்கலாம். மொழி தமிழாக இருக்க வேண்டும். ஆண்களும் வர வேண்டும். கசிப்பைப் பற்றிப் பேசுவார்கள் என்று பயந்து ஒதுங்குவது சரியல்ல. 35 வயதைத் தாண்டியும் இதுவரை அளக்காதவர்கள், 2011 முதல் அரசு நடத்தும் சுகவாழ்வு நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் நடக்கும் நேரத்துக்கும் கிளினிக் நாளுக்கும் பேர் வெட்டக்கூடாது என்ற கோரிக்கையை நிர்வாகத்துடனான அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கிறோம். தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இம்மாதச் சம்பள நாளுக்கு முன் தத்தம் டிவிசனில் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தரவும். முதல் கூட்டத்துக்கு வருபவர்கள் கிளினிக் கொப்பியையும், பாதியில் நிறுத்திய மாத்திரை இருந்தால் அதையும் எடுத்து வரவும்.