உத்தியோகம் துறக்கலாமா?

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்றார்கள் நம் பாட்டனார் காலத்தவர். பெண்ணின் உழைப்பைக் கணக்கிலேயே எடுக்காத பழமொழி அது. இன்று அதற்கு நேர்மாறான புதுமொழி ஒன்று நம் விடுதிகளில் உலவுகிறது: உத்தியோகத்தை உதறுவதே இளைஞர் இலட்சணம்! மாதச் சம்பளம் அடிமைச் சங்கிலியாம்; இணையத்தில் சம்பாதிப்பவனோ தனக்குத் தானே முதலாளியாம். படம் பிடித்துப் போடலாம். பாடம் சொல்லித் தரலாம். கடல் கடந்த நாட்டாருக்கு நிரல் எழுதிக் கொடுக்கலாம். மேலதிகாரி இல்லை; வருகைப் பதிவு இல்லை; எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நாள்தோறும் மூச்சுத் திணறப் போய்வரும் பயணமும் இல்லை.

இது வெறும் பேச்சாக மட்டும் நிற்கவில்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர் தமக்குக் கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். நமக்கு முன்னே படித்துப் போன அண்ணன் ஒருவர், நான்காண்டு பார்த்த வேலையை விட்டுவிட்டு, வாடகை அறையில் காமிராவும் விளக்குமாக அமர்ந்திருக்கிறார். நானும் இவ்வாண்டு முதுகலை அறிவியல் முடிக்கிறேன். எனக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது.

துறப்பது தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. துறக்க விரும்புவோர் துறக்கட்டும். ஆனால் “தனக்குத் தானே முதலாளி” என்னும் சொல்லை மட்டும் நம்பித் துறக்க வேண்டாம். அந்தச் சொல் உண்மையன்று என்பதே என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். நிரந்தர வேலை என்பது நிரந்தரமானதா? இந்தப் பெங்களூருக்குப் பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ் மாவட்டங்களிலிருந்து போன உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாகப் பூமியின் அடிவயிற்றில் இறங்கிப் பொன் எடுத்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. இந்நகரில் 1953இல் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம், 1961 முதல் கைக்கடிகாரம் செய்து நாட்டுக்கே நேரம் காட்டியது. 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்தது. பொன்னும் நிலைக்கவில்லை, பொழுது காட்டிய ஆலையும் நிலைக்கவில்லை. எனவே, “கையில் உள்ள வேலை என்றும் இருக்கும்” என்று பெற்றோர் சொல்லும்போது, அதை அப்படியே ஏற்க இளைஞர் தயங்குவதில் நியாயம் உண்டு.

இணையத்தில் வாழ்ந்து காட்டியவர்களும் இல்லாமற் போகவில்லை. அமித் அகர்வால் என்பவர் ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி பயின்று, ஐதராபாத்தில் வேலை பார்த்து, 2004இல் அதை விட்டு ஆக்ராவுக்குத் திரும்பி, இணையத்தில் எழுதியே வாழத் தொடங்கினார். இந்தியாவில் இதை முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களுள் முன்னோடி என்று அவரைச் சொல்வர். நம் பக்கத்திலோ, புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், பெரியதம்பி என்னும் தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் 2018இல் வயல்வெளியில் சமைத்துப் படமெடுக்கத் தொடங்கினார்கள். 2021இல் அவர்களைப் பின்தொடர்வோர் ஒரு கோடியைத் தொட்டனர். அவ்வாண்டே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். தமிழர் யாவரும் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

ஆனால் அறிவியல் மாணவர் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? ஆய்வுக் கூடத்தில் வெற்றி பெற்ற சோதனையை மட்டும் குறித்துக்கொண்டு, தோற்ற சோதனைகளை ஏட்டில் எழுதாமல் விட்டால் ஆசிரியர் ஒப்புவாரா? நூறு பேர் இறங்கி, ஒருவர் மாதம் ஒரு கோடி ஈட்டி, மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் ஒன்றும் ஈட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வருமானம் ஆளுக்கு ஓர் இலட்சம் என்று கணக்கு வரும். கணக்கில் பிழை இல்லை. ஆயினும் தொண்ணூற்றொன்பது வீட்டில் அடுப்பு எரியவில்லை. வென்றவர் முகம் திரையில் தெரிகிறது. தோற்றவர் முகம் திரைக்கே வருவதில்லை.

இருப்பினும், என் வாதம் வெற்றி தோல்வியைப் பற்றியது அன்று. வென்றவரும்கூடத் தமக்குத் தாமே முதலாளிதானா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேட நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தாயார் பீடி சுற்றுகிறார். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும் நூலும். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடிக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மேலதிகாரி இல்லை, மணி அடிப்பதில்லை, விருப்பமான நேரத்தில் சுற்றலாம், வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. இன்று இணைய வாழ்வைப் பற்றிச் சொல்லும் சிறப்புகள் அத்தனையும் என் தாயாருக்கு எந்நாளும் இருந்தன! அவரை ஒருவரும் “தமக்குத் தாமே முதலாளி” என்று அழைத்ததில்லை. ஏன்? கட்டிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே இருப்பவர் எடுத்துப் பார்த்து, “இது ஆகாது” என்று கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி இல்லை. கை வலித்தால் கூலி இல்லை. காய்ச்சல் வந்தால் கூலி இல்லை.

“வீட்டில் இருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர் அல்லர், அவர்கள் தாமாகவே தொழில் செய்பவர்கள்” என்றுதான் பீடி முதலாளிமாரும் நெடுங்காலம் வாதாடினார்கள். 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்று ஏற்றது. பீடியைக் கழிப்பது பற்றிய வழக்கைத் தீர்க்கவும் வழி செய்தது. 1976இல் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டது. 1985இல் உச்ச நீதிமன்றம், வருங்கால வைப்பு நிதி வீட்டில் சுற்றுவோருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிப்படையை நாம் மனத்திற் பதிக்க வேண்டும். முதலாளி எதிரே நின்று மேற்பார்வை செய்ய வேண்டியதில்லை. செய்த பொருளைக் கழிக்கும் உரிமை அவரிடம் இருக்கிறதே, அதுவே போதிய கட்டுப்பாடு என்பதே அது.

தோழர்களே, இந்த உரைகல்லில் இணையத் தொழிலை உரசிப் பாருங்கள். நாம் எடுத்த படத்தை “விளம்பரத்துக்கு ஏற்றதன்று” என்று கழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? நம் கணக்கையே ஒரு நொடியில் மூடும் உரிமை யாரிடம் இருக்கிறது? நம்மிடம் இல்லை. யாரிடம் அவ்வுரிமை இருக்கிறதோ அவரே முதலாளி. பழைய முதலாளிக்கு முகம் இருந்தது, போய் முறையிடலாம். புதிய முதலாளிக்கு முகம் இல்லை. தானாக வரும் ஒரு மின்னஞ்சல் மட்டுமே உண்டு.

வெறும் அச்சத்தால் இதைச் சொல்லவில்லை. நடந்தவற்றைக் கொண்டே சொல்கிறேன். 2018 ஜனவரியில் யூடியூப் நிறுவனம் ஒரே அறிவிப்பில் விதியை மாற்றியது. விளம்பரப் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றது. அதுவரை சிறு தொகை பெற்று வந்த சிறியவர்கள் பலர் வெளியே தள்ளப்பட்டனர். 2020 ஜூன் 29ஆம் நாள், நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு 59 செயலிகளைத் தடை செய்தது; அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. அதில் ஆடியும் பாடியும் பெயர் பெற்ற நம் ஊர்க் கலைஞர்களின் சேர்மானம் ஓர் இரவில் போயிற்று. தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. அவர்களுக்கு அறிவிப்புக் காலமும் இல்லை, இழப்பீடும் இல்லை என்பதே இங்கே நாம் காண வேண்டுவது.

நம் போன்ற அறிவியல் மாணவருக்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. செக் என்னும் அமெரிக்க நிறுவனம், கணிதத்திலும் இயற்பியலிலும் வேதியியலிலும் மாணவர் கேட்கும் ஐயங்களுக்கு விடை எழுத நம் நாட்டுப் பட்டதாரிகளை அமர்த்திக்கொண்டு, விடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது போலத்தான்! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 மே மாதத்தில், புது வாடிக்கையாளர் சேர்வதை அது பாதிக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. நிறுவனமே ஆடும்போது விடைக்குக் கூலி பெறுபவர் எதைப் பற்றிக்கொள்வார்?

இனிச் சம்பளத்தின் கதைக்கு வருவோம். மாத முடிவில் வங்கிக்கு வரும் தொகையை மட்டுமே நாம் சம்பளம் என்று எண்ணுகிறோம். அது சம்பளத்தின் ஒரு பகுதியே. ஊழியர் தம் பங்காக 12 விழுக்காடு வைப்பு நிதிக்குக் கட்டினால், முதலாளியும் 12 விழுக்காடு கட்ட வேண்டும். 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. பணிக்கொடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை உண்டு! இவற்றுள் ஒன்றும் எந்த முதலாளியின் கருணையாலும் வந்ததன்று. 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம், 1952இல் வைப்பு நிதிச் சட்டம், 1972இல் பணிக்கொடைச் சட்டம் என்று, உழைப்பாளர் இயக்கம் கேட்டுக் கேட்டுப் பெற்றவை. என் தாயார் தம் வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துத்தான் என் இளங்கலை முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினார். பள்ளி நாளில் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையும் எனக்குக் கிடைத்தது. சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. அது ஒரு பிள்ளையைக் கல்லூரி வாயிலில் கொண்டுவந்து சேர்ப்பது வேறு. இரண்டையும் அறிந்தவன் என்னும் உரிமையில் பேசுகிறேன்.

அப்படியானால் இணையத் தொழிலுக்கே போகக் கூடாதா? போகலாம், கணக்கோடு போக வேண்டும். ஒரு வேலையிலிருந்து வரும் 40,000 ரூபாயும், இணையத்திலிருந்து வரும் 40,000 ரூபாயும் சமம் அல்ல. பின்னதிலிருந்து மருத்துவக் காப்பீடும், முதுமைக்கான சேமிப்பும், வேலை இல்லா மாதத்துக்கான இருப்பும், கருவிகளின் தேய்மானமும் எடுத்து வைத்த பிறகு மிச்சம் என்னவோ அதுவே வருமானம். ஓராண்டுச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் தயவில் நிற்காமல், வருவாய்க்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கட்டும். அமித் அகர்வாலும் எழுத்தோடு நிற்கவில்லை. பிறர் பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளையும் படைத்தார். கையில் தொழில் இருந்தது. பிறகே வேலையை விட்டார்.

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்று நம்மவர் ஏளனம் செய்வார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குகிறவனுக்கு அதுவே அறிவு. ஆனால் அதிலும் எச்சரிக்கை வேண்டும். 2022இல் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று 300 பேரை நீக்கியது. பணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே பக்கத் தொழில் தொடங்குக.

இவை தனி மனிதர் செய்ய வேண்டியவை. இவை மட்டும் போதுமா? போதா. என் தாயார் எவ்வளவு சிக்கனமாக இருந்திருந்தாலும் வைப்பு நிதி தானாக வந்திராது. சங்கம் கேட்டதால் வந்தது. நமக்கும் கதவு அறவே அடைபட்டிருக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி வழித் தொழிலாளரை முதன்முறையாகப் பெயர் சொல்லி ஏற்கிறது. அவர்களுடைய நலனுக்காக நிறுவனங்கள் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை கொடுக்க வேண்டும் என்கிறது. அதன் பட்டியலில் வண்டியோட்டுவதும் உணவு கொண்டு தருவதும் மட்டுமல்ல, உள்ளடக்கமும் ஊடகச் சேவையும்கூட இடம் பெற்றுள்ளன. கர்நாடக அரசும் 2025இல் தனிச் சட்டம் செய்து, ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒன்று முதல் ஐந்து விழுக்காடு வரை நலக் கட்டணம் வாங்கவும், தொழிலாளியை நீக்குமுன் 14 நாள் அறிவிப்புத் தரவும் வகை செய்திருக்கிறது. இவற்றைக் கேட்டுப் பெற்றவர்கள் யார்? மழையிலும் வெயிலிலும் சாப்பாட்டுப் பையைச் சுமந்து நம் விடுதி வாயிலுக்கு வருகிறார்களே, அந்தத் தோழர்களின் சங்கங்கள்! பட்டம் பெற்ற நாமோ நம்மைத் தொழிலாளர் என்று சொல்லவே கூசுகிறோம். முதலாளி என்னும் பட்டம் அவ்வளவு இனிக்கிறது!

பெற்றதைக் காக்கவும் வேண்டும். பீடிமேல் விதித்த நலத் தீர்வை 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீங்கியது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 2025இல் புதிய தொகுப்புச் சட்டத்துள் கரைந்தது. சட்டம் கல்வெட்டன்று; கேட்பார் இல்லையேல் அழியும்.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் பணி செய்யும் மாணவரும், பணியைத் துறந்து இணையத்துக்குப் போன அண்ணன்மாரும் அக்காமாரும் மாதம் ஒருமுறை நம் மன்றத்தில் கூடட்டும். யார் எவ்வளவு கொடுக்கிறார், யார் கொடுக்காமல் ஏமாற்றுகிறார், எந்த ஒப்பந்தத்தில் என்ன வலை இருக்கிறது என்று பேசட்டும். வரி கட்டுவதற்கும் அரசின் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதற்கும் தெரிந்தவர் தெரியாதவருக்கு உதவட்டும். இது பெரிய செலவன்று. ஓர் அறையும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

உத்தியோகத்தைத் துறப்பவரைக் கோழை என்றும் சொல்லேன். வீரர் என்றும் சொல்லேன். வேலையைத் துறங்கள், ஆனால் உழைப்பாளி என்னும் பெயரைத் துறக்காதீர்கள். அந்தப் பெயருக்குத்தான் சட்டமும் சங்கமும் சேமிப்பும் வந்து சேர்ந்தன. முதலாளி என்று நம்மை நாமே அழைத்துக்கொள்வதால் ஒரு காசும் வரப்போவதில்லை.