பயணத் திட்டத்தின் முதல் வரி



கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் வீடுகளில் பயணப் பேச்சும் தொடங்கிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் என்று நின்றுவந்த அந்தப் பேச்சு இப்போது சில குடும்பங்களில் பாரிஸ் வரை நீள்கிறது. இதில் வியப்பில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வேர்கொண்ட தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல, பிரெஞ்சுக் குடியுரிமையுடன் அங்கே வாழ்கின்றன. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு, தம்பி குடியிருக்கும் வீடு என்று நம்மில் பலருக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது.

பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் சுற்றிவந்து, இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் (29:20) நம்மைத் தூண்டுகிறது. ஆகவே போகலாமா என்பதன்று நம் கேள்வி. திட்டம் தீட்ட உட்காரும்போது தாளின் முதல் வரியில் எதை எழுதுகிறோம் என்பதே கேள்வி.

எங்கள் குடும்பம் முதன்முறை சென்றபோது அந்த முதல் வரியில் ஐஃபில் கோபுரம் இருந்தது. ஐந்து நாள்களுக்குப் பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் வெர்சாய் அரண்மனை வரிசையில் நிற்கும்போதே லுஹர் நேரம் வந்துவிட்டது. அரண்மனையையும் தோட்டத்தையும் பார்த்து முடிப்பதற்குள் அஸரும் வந்தது. அங்கிருந்து ஐஃபில் கோபுரத்துக்கு ஓடினோம். அன்று மாலை அதற்கு நுழைவு நேரம் பதிவாகியிருந்தது. மஃரிபும் வரிசையிலேயே போயிற்று. நள்ளிரவுக்குச் சற்று முன் அறைக்குத் திரும்பி, நான்கு வேளைத் தொழுகையையும் அடுத்தடுத்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்தபின் பத்து வயது மகன் கேட்டான்: “வாப்பா, டிக்கெட் நேரம் தவறினா உள்ளே விடமாட்டாங்கன்னு ஓடினோமே, தொழுகைக்கும் நேரம் இருக்குல்ல?”

மக்தபில் அவன் ஓதிய பாடத்தைத்தான் அவன் திருப்பிக் கேட்டான். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று 4:103 வசனம் சொல்கிறது. எங்களிடம் பதில் இல்லை.

“பயணத்தில் சலுகை உண்டே” என்று சிலர் சொல்லக்கூடும். உண்டு, அது அல்லாஹ்வின் அருட்கொடை. ஆனால் அந்தச் சலுகையின் எல்லையை அறியாமலேயே பலர் அதைக் கையில் எடுக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, ஓரிடத்தில் நான்கு நாள்கள் தங்குவதாக நிய்யத் வைத்தவர் அங்கே பயணி அல்லர். ஒரு வாரம் பாரிஸில் தங்கச் செல்பவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கஸ்ரும் இல்லை, ஜம்உம் இல்லை. ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்குபவர் கஸ்ர் செய்வார். ஆயினும் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர, ஒரு வேளைத் தொழுகையை இன்னொரு வேளையின் நேரத்துக்குத் தள்ளி வைத்துச் சேர்த்துத் தொழுவதை அந்த மத்ஹப் ஏற்பதில்லை. ஆக, நம் ஊர்களில் பின்பற்றப்படும் இவ்விரு மத்ஹபுகளில் எதன்படி பார்த்தாலும், ஒரு வாரம் தங்குபவர் பகல் முழுதும் சுற்றிவிட்டு இரவில் எல்லாவற்றையும் சேர்த்துத் தொழுவதற்கு இடமில்லை. வெர்சாயும் ஃபோன்தேன்புளோவும் பாரிஸிலிருந்து கஸ்ருக்குரிய தொலைவிலும் இல்லை. இதில் வேறு கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர். எனவே விமானச் சீட்டு எடுக்கும் முன்னரே உங்கள் நாள் கணக்கைச் சொல்லி, நம்பிக்கைக்குரிய ஓர் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள்.

இதனால் பயணம் சுருங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நேரங்களைப் பார்த்தால் உண்மை விளங்கும். மே மாத நடுவில் பாரிஸில் சூரியன் காலை 6 மணியைக் கடந்ததும் உதித்து, இரவு 9.25 அளவில் மறைகிறது. லுஹர் பிற்பகல் 1.50 அளவில் வருகிறது. ஷாஃபிஈ கணக்கில் அஸர் மாலை 6 மணியை ஒட்டி. காலை முழுதும் ஓரிடம், லுஹருக்குப் பின் நான்கு மணி நேரம் இன்னோர் இடம், அஸருக்குப் பின்னும் மூன்று மணி நேரத்துக்குமேல் வெளிச்சம். இவ்வளவு விசாலமான பகலில் தொழுகையைத் தவறவிட்டோம் என்றால், குறை நேரத்தில் இல்லை. நாம் போட்ட பட்டியலில் இருக்கிறது. டிசம்பரில் நிலைமை வேறு. லுஹர் 12.50, அஸர் 2.40 அளவில், மஃரிப் 5 மணிக்குச் சற்று முன். குளிர்காலத்தில் செல்வோர் தங்குமிடத்துக்கோ பள்ளிவாசலுக்கோ அருகிலுள்ள இடங்களை மட்டும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இஷாவும் ஃபஜ்ரும் தனிக் கவனம் கேட்பவை. ஜூன் மாதம் சூரியன் உச்ச வடக்கில் இருக்கும் நாள்களில், பாரிஸில் அது அடிவானத்துக்குக் கீழே 18 பாகை வரை இறங்குவதே இல்லை. அதனால் பிரான்ஸின் பள்ளிவாசல்கள் 12, 15, 18 பாகை என வெவ்வேறு கணக்குகளைக் கைக்கொள்கின்றன. இரண்டு கைபேசிகளில் இரண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டு கணவனும் மனைவியும் வாதிட வேண்டாம். தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுங்கள். இரவுத் தூக்கம் குறையும் என்பதால் லுஹரை ஒட்டிச் சற்றுக் கண்ணயரும் கைலூலா சுன்னத்தையும் திட்டத்தில் சேருங்கள். கிப்லாவும் மாறும். ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய பிள்ளைகளுக்கு, பாரிஸிலிருந்து கஃபா தென்கிழக்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்னரே உலகப்படத்தில் காட்டிக்கொடுங்கள்.

தொழுகையை முதல் வரியில் எழுதியபின் இடங்களை அடுக்கிப் பாருங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குக் காலை நேரத்தில் பதிவு செய்யலாம். அங்கே 2012-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலைப் பிரிவில், முஹம்மத் இப்னு ஸைன் என்ற கைவினைஞர் 14-ஆம் நூற்றாண்டில் மம்லூக்கியர் ஆட்சியில் செய்த பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. பிற்காலத்தில் பிரெஞ்சு அரச குடும்பக் குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கு அதையே பயன்படுத்தினார்கள். முஸ்லிம் ஒருவரின் கைத்திறன் கிறித்தவ அரண்மனையில் இவ்வாறு இடம்பெற்ற செய்தி, மோனாலிசாவின் முன் கூட்டத்தில் நசுங்குவதைவிட நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும். அங்கிருந்து 7-ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் பிளாஸ் மோன்ஜ் நிலையத்தில் இறங்கலாம். அருகிலேயே பாரிஸ் பெரிய பள்ளிவாசல். லுஹர் ஜமாஅத்துடன் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பள்ளிவாசலையும் வெறும் தொழுமிடமாகக் கடந்துவிடாதீர்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவைப் போற்றி எழுப்பப்பட்டது அது. 1926 ஜூலை 15-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரும் மொராக்கோ சுல்தானும் கூடித் திறந்து வைத்தனர். 33 மீட்டர் உயர மினாரா. நம் ஹைதராபாத்தில் பிறந்த அறிஞர் முஹம்மத் ஹமீதுல்லாஹ், பல பத்தாண்டுகள் பாரிஸில் எளிமையாக வாழ்ந்து திருக்குர்ஆனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார் என்பதையும் அங்கே அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பாரிஸோடு நின்றுவிடவும் வேண்டாம். பாரிஸையும் சேர்த்து எட்டு மாவட்டங்கள் கொண்டது ஈல்-து-பிரான்ஸ் பகுதி. அதனுள் ஓடும் தொடர்வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் ‘நவிகோ’ வார அட்டை ஒன்றே போதும். அது திங்கள் முதல் ஞாயிறு வரை செல்லும். ஆகவே திங்களன்று போய்ச் சேருவது சிக்கனம். தெற்கே எவ்ரியில் நாட்டின் பெரிய பள்ளிவாசல்களுள் ஒன்று உள்ளது. கிரெத்தேயில் 2008-இல் திறக்கப்பட்ட ஸஹாபா பள்ளிவாசல், 8-ஆம் எண் மெட்ரோவில் சென்று அடையக்கூடியது. ஐஃபில் கோபுரம் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, இத்தகைய பள்ளிவாசல் ஒன்றுக்கு நடந்து செல்லும் தொலைவில் தங்குவது சிறந்தது. லூவ்ரும் ஃபோன்தேன்புளோ அரண்மனையும் செவ்வாயன்றும், வெர்சாய் அரண்மனை திங்களன்றும் மூடப்பட்டிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“இவ்வளவு செலவழித்துப் போகிறோம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?” என்ற வாதம் எங்கள் வீட்டிலும் எழுந்ததுதான். லூவ்ரிலும் வெர்சாய் அரண்மனையிலும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. பணம் கரைவது பெரும்பாலும் அவசரத்தில்தான்: வாடகை வண்டி, வரிசை தாண்டும் சீட்டு, பசித்தபோது கண்ட இடத்தில் உணவு. வீண்விரயம் செய்வோரை எச்சரிக்கும் 17:26-27 வசனங்கள் பயணத்துக்கும் பொருந்தும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஹலால் இறைச்சிக் கடைகள் புறநகரெங்கும் உள்ளன. ஆனால் பெயர்ப்பலகையில் ஹலால் என்று இருப்பதோடு திருப்தியடையாமல் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பது அங்கே தவறாகக் கருதப்படுவதில்லை. இனிப்புகளில் பன்றி ஜெலட்டினும், குழம்புகளில் ஒயினும் சேர்வதுண்டு. லா ஷாப்பல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகளில் தோசையும் பரோட்டாவும் கிடைக்கும்; அங்கும் இறைச்சி ஹலாலா என்று கேட்டே உண்ணுங்கள்.

நம் பெண்கள் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. பொது இடங்களில் முகத்தை மறைப்பதை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் 150 யூரோ வரை அபராதம். தலையை மறைக்கும் ஹிஜாபுக்குத் தெருவிலோ தொடர்வண்டியிலோ அருங்காட்சியகத்திலோ தடையில்லை. நிகாப் அணியும் சகோதரிகள் இதை அறிந்த பின்னரே பயணத்தை முடிவு செய்யட்டும். விமான நிலையத்தில் இறங்கியபின் மனம் வருந்த நேரிடக் கூடாது.

இனி, நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி. உறவினர் வீட்டில் தங்கச் செல்கிறோம் என்றால், நம் விசாவுக்காக அவர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் வரவேற்புச் சான்று பெறவேண்டும். வீட்டின் இடவசதியைக் காட்டி, கட்டணம் கட்டி, நம் செலவை நம்மால் ஏற்க இயலாவிட்டால் தாமே ஏற்பதாகவும் அவர் உறுதியளிக்கிறார். அவர் நமக்காகச் சுமக்கும் பொறுப்பு அது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமும் ஆகும். இரண்டு அறை வீட்டில், அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் மச்சான், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், இவர்களுக்கிடையே ஆறு பேராகப் போய் இரண்டு வாரம் தங்குவது முறையா? விருந்தோம்பல் மூன்று நாள்கள் என்றும், வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். மச்சி வாய் திறந்து சொல்லமாட்டார். நாம்தான் உணர வேண்டும். மூன்று நாள் அவர்களோடு, மீதி நாள் வாடகை அறையில் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் உறவும் காக்கப்படும், அவர்கள் பயமின்றி மறுமுறையும் அழைப்பார்கள்.

இரண்டாம் முறை நாங்கள் சென்றபோது பட்டியலில் ஆறு இடங்களே இருந்தன. ஐஃபில் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்ததோடு சரி. பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடத்தில் ஃபோன்தேன்புளோ சேர்ந்து, அதன் காட்டில் ஒரு பகலைக் கழித்தோம். அஸர் நேரம் வந்தது. புட்டித் தண்ணீரில் உளூ செய்தோம். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்ற நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். காய்ந்த இலைகளின்மேல் முஸல்லாவை விரித்தபோதுதான் அதன் சுவை புரிந்தது. மகன் திசைகாட்டியைப் பார்த்துத் தென்கிழக்கைக் காட்டிவிட்டு, யாரும் சொல்லாமலேயே இகாமத் சொன்னான்.

இவ்வாண்டு பயணம் செல்ல நாடியுள்ள குடும்பங்களே! தாளை எடுங்கள், முதலில் ஐந்து நேரங்களை எழுதுங்கள், இடங்களை அவற்றுக்கிடையே எழுதுங்கள். இடம் போதாமல் சில பெயர்கள் விடுபட்டால் விடுபடட்டும்.

வல்ல இறைவன் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் தொழுகைகளை ஏற்கப்பட்டவையாகவும் ஆக்குவானாக! ஆமீன்.