ஓட்டை எங்கே?

மன்னார் நகரை விட்டுத் தாழ்வுபாட்டுப் பக்கமாகச் செல்வோர் கீரியை அறிவர். பனைகளும் வெண்மணலும் மீன் வாடிகளுமாகக் கடலை நோக்கிக் கிடக்கும் சிற்றூர் அது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் அங்குச் சென்றிருந்தோம். காற்று வாங்கச் சென்றோம் என்று எழுதினால் நேயர்கள் நம்பிவிடுவார்கள். ஆயினும் உண்மை அதுவன்று. மூன்று மாதங்களாக எம்முடன் பேசாதிருந்த மைத்துனரைப் பார்க்கச் சென்றோம். பேச்சு அற்றுப் போனதற்குக் காணி காரணமன்று, சீதனமும் காரணமன்று. காரணம் ஒரு கடதாசிக் கட்டு.

304 ஆட்டத்தை எமது வாசகர்களிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. அறியாதாருக்காகச் சில வரிகள். ஏழிலிருந்து ஆசு வரை 32 சீட்டுகள், நால்வர், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு பக்கம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ் சீட்டு. ஆக ஓர் இனத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே வரும். அவற்றை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி 160இல் தொடங்கும். அதாவது பாதியாகிய 152ஐச் சற்றே தாண்டி. அதிகம் கேட்டவர் தமது துரும்பைக் கவிழ்த்து வைத்த பின்னரே மற்ற நான்கு சீட்டுகளும் வரும். கலாவரை, இஸ்கோப்பன் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. 1658இல் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த மன்னார்க் கோட்டை இன்று இடிபாடாய் நிற்கிறது. அவர்கள் சீட்டுக்கு இட்ட பெயரோ வாடிதோறும் உயிருடன் உலாவுகிறது.

நாமும் மைத்துனரும் பல ஆண்டுகளாக ஒரு பக்கம் ஆடி வருகிறோம். மூன்று மாதங்களுக்கு முன் நகரிலே நடந்த ஒரு போட்டியில் சேர்ந்தோம். போட்டியில் வெற்றி தோல்வியைக் கல் வைத்து எண்ணினார்கள். கேள்வி 200க்குக் குறைவாயின் வென்றால் ஒரு கல் வரும், தோற்றால் இரண்டு போகும். 200 கேட்டால் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று. 250 கேட்டால் வெற்றிக்கு மூன்று, தோல்விக்கு நான்கு. இரண்டாம் சுற்றின் கடைசிக் கையிலே நாம் மூன்று கல் முன்னே நின்றோம். எதிர்ப்பக்கத்தார் 190 கேட்டனர். நாம் 200 என்றோம். எடுத்ததோ 178. மூன்று கல்லும் போயின, போட்டியும் போயிற்று.

அந்தக் கையின் நாலாம் பிடியிலே மைத்துனர் இஸ்கோப்பன் பத்தைத் தூக்கி எதிரியின் ஜாக்குக்குக் கொடுத்தார். நாம் அதைப் பார்த்தோம். பார்த்ததோடு நில்லாமல், சபை நடுவே அதைச் சொல்லியும் விட்டோம். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, தேநீர் கூட அருந்தாமல், சைக்கிளை மிதித்துக் கீரிக்குப் போய்விட்டார்.

ஞாயிறு ஆதலால் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. மைத்துனர் வாடிக்கு முன்னே தமது பைபர் வள்ளத்தை இரண்டு கட்டைகளின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, அதன் உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் தலையை அசைத்தார், பேசவில்லை. ஊற்றி முடித்ததும் வள்ளத்தின் அடியிலே மெதுவாகக் கையால் தடவிக் கொண்டு போனார். ஓரிடத்தில் ஈரம் பட்டது. கரித்துண்டால் அங்கே ஒரு வட்டம் போட்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

"கடலிலை நிக்கேக்கை தண்ணி எங்காலை வருகுதெண்டு தெரியாது, அத்தான். இறைக்கத்தான் நேரம் இருக்கும்."

போக்கர் என்னும் சீட்டாட்டத்திலே தேர்ந்தவர்கள், தம் ஆட்டத்தில் ஓயாமல் திரும்பி வரும் பிழையைக் கசிவு என்றே அழைக்கிறார்கள் என்று எங்கோ படித்தது அப்போது எம் நினைவுக்கு வந்தது. லாஸ் வேகாஸ் நகரில் 1970இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடரிலே இலட்சக்கணக்கான டாலர்களுக்காக ஆடுகிற அந்த மனிதர்களும், கீரி வாடியின் நிழலிலே பணம் எதுவும் வைக்காமல் ஆடுகிற நாமும், ஒரே நோயால் வருந்துகிறோம். சீட்டாட்டத்திலே அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. பிழையாக ஆடியவன் வெல்வான். சரியாக ஆடியவன் தோற்பான். அதனால் வெற்றி எமது பிழையை மறைத்துவிடுகிறது; தோல்வியோ பிறருடைய பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சதுரங்கத்திலே இந்த வசதி இல்லை. அங்கே தோற்றால் தோற்றவரே பொறுப்பு. சீட்டிலே பழி போட அதிர்ஷ்டம் உண்டு. 304இலோ, அதற்கும் மேலாக, எதிரே ஒரு கூட்டாளியும் உண்டு!

மைத்துனர் வாடிக்குள் சென்று ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். கடந்த ஓராண்டாக நாம் இருவரும் ஆடிய கைகளில் நாற்பது வரை அதில் இருந்தன. எமது முதல் நான்கு சீட்டுகள், யார் எவ்வளவு கேட்டார், யார் எந்தச் சீட்டை இறக்கினார், முடிவு என்ன என்பன எல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. முடிவு மட்டும் ஒவ்வொரு பக்கத்தின் பின்புறத்திலே இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டோம். முன்புறத்தை வாசித்து, இதையே இன்று மறுபடி கேட்பேனா என்று தம்மைக் கேட்டுக் கொண்ட பின்னரே பக்கத்தைப் புரட்டுவாராம். முடிவை முதலிற் பார்த்துவிட்டால் மனம் அதற்கேற்ற நியாயத்தைத் தானே தேடிக் கொள்ளும் என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் இதைச் சொன்னார். பரீட்சைத் தாள் திருப்பித் தரப்பட்டதும் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் மாணவ நேயர்கள் மன்னிப்பார்களாக.

கொப்பியை வாடி நிழலிலே இருந்து நாம் முழுவதும் வாசித்தோம். எமது ஆட்டம் அவ்வளவு மோசம் என்று அதுவரை எமக்குத் தெரியாது.

நாம் 200க்கு மேற் கேட்ட கைகளிற் பெரும்பாலானவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஓர் இனத்திலே ஜாக்கும் ஒன்பதும் வந்திருக்கும். உடனே உள்ளம் குளிர்ந்து, ஆசு எப்படியும் கூட்டாளியிடம் இருக்கும் என்று கேட்டிருக்கிறோம். இது நம்பிக்கையேயன்றிக் கணக்கன்று. நான்கு சீட்டுகளைப் பார்த்தாயிற்று, பார்க்காதவை 28. அவற்றுள் எமக்கு வரவிருப்பவை 4, கூட்டாளிக்கு 8, எதிர்ப்பக்கத்துக்கு 16. ஆகவே அந்த ஆசு கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்பு ஏழில் இரண்டே. எமக்கு வருவதையும் சேர்த்தால் ஏழில் மூன்று. எதிரிகளிடம் இருப்பது ஏழில் நான்கு! ஓராண்டு முழுவதும் இந்த ஏழில் நான்கை எதிர்த்து நாம் கேட்டு வந்திருக்கிறோம்.

மற்றொரு பழக்கம் இன்னும் நுட்பமானது. துரும்பல்லாத ஓர் இனத்திலே எம் கையில் ஜாக், ஒன்பது, இன்னொன்று என மூன்று சீட்டுகள் இருக்கும். ஜாக்கை இறக்குவோம், எல்லாரும் அதே இனம் போடுவர், முப்பது வரும். அந்த மகிழ்ச்சியிலே உடனே ஒன்பதையும் இறக்குவோம். வெட்டு விழும், இருபதும் போகும். 'என்ன துரதிர்ஷ்டம்' என்போம். கொப்பியில் இத்தகைய கை ஏழு இருந்தன. ஐந்தில் எதிரி வெட்டியிருந்தார். மைத்துனர் மணலிலே விரலால் எழுதிக் காட்டினார். ஓர் இனத்துக்கு எட்டுச் சீட்டு. எம்மிடம் மூன்று என்றால் வெளியே ஐந்து. மற்ற மூவரும் இரண்டு முறையும் அந்த இனத்தைப் போட வேண்டுமானால் ஆறு சீட்டு வேண்டும். இருப்பதோ ஐந்து! ஆகவே இரண்டாம் முறை யாரோ ஒருவரிடம் அந்த இனம் இல்லாமற் போவது நிச்சயம். அந்த ஒருவர் கூட்டாளியாகவும் இருக்கலாம். எனினும் வீடு திரும்பிக் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் நான்கு முறை எதிரிகளில் ஒருவரிடமேனும் அது தீர்ந்திருக்கும் என்று கண்டோம். எம்மிடம் இரண்டே இருந்து வெளியே ஆறு இருந்தாலும், அவை மூவரிடமும் இரண்டிரண்டாகப் பிரிந்திருப்பது ஏறத்தாழ ஆறு முறைக்கு ஒரு முறைதான். இதிலே அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

மூன்றாவது குறை கணக்குக்குள் அடங்காதது. ஒரு கையில் தோற்ற பின் அடுத்த கையிலே நாம் கேட்டவை, வழமையாகக் கேட்பதைவிடக் கூடுதலாகவே இருந்தன. போக்கர்க்காரர் இந்நிலையை 'டில்ட்' என்பர். காசு போட்டு ஆடும் பந்துப்பொறியைக் கோபத்தில் உலுக்கினால், பொறி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லைக் காட்டுமாம். எம்மிடம் அப்படி ஒரு பொறி இல்லை. மைத்துனரின் இருமல் மட்டுமே இருந்தது. அவர் இருமியதெல்லாம் எச்சரிக்கை என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பின்பு அந்தக் கடைசிக் கையின் பக்கம் வந்தது. முதல் நான்கு சீட்டுகள்: கலாவரை ஜாக், கலாவரை ஒன்பது, ஆடுதன் ஆசு, இஸ்கோப்பன் ஏழு. இதற்கா 200 கேட்டோம்! மூன்று கல் முன்னே நிற்கிறோம், கடைசிக் கை. எதிரிகளை 190க்கு விட்டிருந்தால், அவர்கள் வென்றாலும் ஒரு கல்லே போயிருக்கும். நாம் அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். போட்டி என்பது தனித்தனிக் கைகளின் கூட்டமன்று. முன்னே நிற்பவனுக்கும் பின்னே நிற்பவனுக்கும் ஒரே சீட்டுக்கு இரண்டு விலை உண்டு. வீட்டுத் திண்ணையிலே 200 கேட்பது பழுதில்லை. அங்கே அந்த மேசையிலே அது பெரும் பிழை. அந்தப் பத்தும் வந்திருந்தாற்கூட 178, 188 ஆகியிருக்கும்; 200க்குப் பன்னிரண்டு குறைவு. மூன்று மாதங்களாக நாம் மைத்துனர்மீது சுமத்தியிருந்த பத்து, தோல்விக்குக் காரணமே அன்று.

இதை அவரிடம் சொன்னோம். சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவர் புன்னகைத்தார், ஆனால் விடவில்லை. "அந்தக் கையை ஒருக்கால் திரும்ப ஆடுவம், அத்தான்," என்றார்.

பிரிட்ஜ் ஆட்டப் போட்டிகளிலே இது பழைய முறை. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளை அப்படியே மற்ற மேசைகளிலும் ஆட வைப்பர். சீட்டின் அதிர்ஷ்டம் எல்லாருக்கும் சமமாகிவிட, ஆடியவரின் திறமை மட்டும் வெளியே தெரியும். விஸ்ட் ஆட்டத்திலே 1857இல் இலண்டனிற் காவென்டிஷ் என்ற புனைபெயரில் எழுதிய ஆட்ட வல்லுநர், நல்ல ஆட்டக்காரர் நால்வரையும் சாதாரண ஆட்டக்காரர் நால்வரையும் கொண்டு இவ்வாறு செய்து பார்த்தார். 304க்கும் இது நன்றாகப் பொருந்தும். ஆடி முடித்த ஒரு கையை எழுதி வைத்துக் கொண்டால் போதும். இடம் மாறி இருந்து அதையே மறுநாள் ஆடலாம். கூட்டாளியின் சீட்டுகளை நாம் வைத்து ஆடுவதே இதிலுள்ள சிறப்பு. இத்தனை கணக்குப் பார்த்தால் விளையாட்டின் இன்பம் போய்விடாதா என்று எமது இல்லத்தரசியார் பின்னர் கேட்டார். மூன்று மாதம் தம்பி வீட்டுக்கு வராதிருந்தபோது அந்த இன்பம் எங்கே இருந்தது என்று நாமும் திருப்பிக் கேட்டோம்.

பக்கத்து வாடியிலிருந்து இரு இளைஞர்கள் வந்து எதிர்ப்பக்கத்தார் இடத்தில் அமர்ந்தனர். மைத்துனர் கொப்பியைப் பார்த்து 32 சீட்டுகளையும் பிரித்துக் கொடுத்தார். எதிரிகளின் சீட்டுகளை அன்றிரவே, விழுந்த ஒழுங்கை நினைந்து எழுதி வைத்திருந்தாராம். எமது பழைய எட்டுச் சீட்டுகளைத் தாம் எடுத்துக் கொண்டார். தமது எட்டையும் எம் கையில் தந்தார். அன்று ஆடியபடியே மூன்று பிடிகளும் போயின. நாலாம் பிடிக்கு இளைஞர்களில் ஒருவர் இஸ்கோப்பன் ஜாக்கை இறக்கினார்.

நாம் கையை விரித்துப் பார்த்தோம். இஸ்கோப்பனிலே எம்மிடம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. பத்து.

அன்று அந்தப் பிடிக்குப் பிறகு மைத்துனரின் கையிலிருந்து இஸ்கோப்பன் ஒன்றுகூட விழவில்லை. விழும் சீட்டை நாம் எண்ணியிருந்தால், கை முடியுமுன்னரே அது எமக்குத் தெரிந்திருக்கும்.

பத்தைப் போட்டோம். மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளத்தின் அடியிலே தாம் கரியால் வட்டமிட்ட இடம் காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாடிக்குள்ளிருந்து அவருடைய மனைவி ஐந்து தேநீர் கொண்டு வந்தார்.